தூக்கணாங்குருவிக்கு ஒரு புத்தகம்: மேலே புரட்டும் 24 பக்கம்

ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகத் தூக்கணாங்குருவியை வைத்து ஒரு படக்கதைப் புத்தகம் செய்து முடித்திருக்கிறேன். உள்ளே 24 பக்கம், அட்டை தனி, நடுவில் பின் அடித்தது. காலண்டர் மாதிரி மேல்நோக்கிப் புரட்ட வேண்டும். கதையை எப்படிப் பிடித்தேன், படத்துக்கு மாதிரி எங்கே கிடைத்தது, டம்மி (அச்சுக்கு முன் கையால் மடித்துச் செய்யும் மாதிரிப் புத்தகம்) செய்தது, அச்சுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். பறவைக் கதை, விலங்குக் கதை எழுதுகிறவர்கள் யாருக்காவது உதவும்.

எழுத உட்காரும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இந்தக் குருவி பேசாது. மழையில் நனைந்த குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்லப்போய், கோபத்தில் குரங்கு கூட்டைப் பிய்த்துப் போட்ட கதையை நாம் எல்லோரும் கேட்டுத்தான் வளர்ந்தோம். எனக்கும் அது பிடித்த கதைதான். ஆனால் அதில் குருவி புத்தி சொல்லத்தான் வருகிறது. அது எப்படிக் கட்டியது, யாருக்காகக் கட்டியது என்ற கேள்வியே எழுவதில்லை. கட்டும் வேலையே கதையாக ஒரு புத்தகம் வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டிய பதற்றமும் திருப்பமும் அந்தக் குருவியின் வாழ்க்கையிலேயே இருக்கின்றன.

கூடு கட்டுவது ஆண்தான். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலை மஞ்சளாகும், முகத்தில் கருப்பழுப்பு முகமூடி போட்டதுபோல நிறம் ஏறும். மற்ற நாட்களில் ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஊர்க்குருவி போலத்தான். ஆண் ஓர் ஓலை நுனியில் நாரைச் சுற்றி முடிந்து, வளையம் செய்து, அந்த வளையத்தில் உட்கார்ந்தபடியே அலகு எட்டும் தூரம் வரை பின்னும். பாதிக் கூடு முடியும்போது அது கவிழ்த்துப் போட்ட தலைக்கவசம் போல இருக்கும், குறுக்கே ஒரு பட்டை. அந்தப் பட்டையில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்தும். பெட்டை வந்து உள்ளே புகுந்து, குத்தி இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் போய்விடும், பாதிக் கூடு அப்படியே தொங்கும். தங்கினால்தான் ஆண் முட்டை அறையை மூடி, கீழ்நோக்கிய நுழைவுக் குழாயைப் பின்னி முடிக்கும். இதற்கு மேல் என்ன நாடகம் வேண்டும்?

பறவையியலாளர் சாலிம் அலி 1930-ல் மகாராஷ்டிரக் கடற்கரையில் கிஹிம் என்ற ஊரில் இந்தக் குருவிகளைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு பெட்டை ஒரு கூட்டை ஏற்றுக்கொண்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெட்டையைக் கூப்பிடுகிறது என்பது அவர் கண்டு சொன்னது. சிறுவர் புத்தகம் எழுதுகிறவருக்கு இது சங்கடமான செய்தி. அப்பா குருவி, அம்மா குருவி, நடுவில் குஞ்சுகள் என்று வரைந்துவிட்டால் வேலை சுலபம். நான் அப்படி வரையவில்லை. அடைகாப்பது பெட்டை மட்டும்தான். அதனால் அடைகாக்கும் பக்கத்தில் பெட்டை உள்ளே இருக்கிறது, ஆண் பக்கத்து ஓலையில் புது வளையம் போடுகிறது. “மஞ்சள் தலைக் குருவி அடுத்த கூட்டைத் தொடங்கியது.” அவ்வளவுதான் வாசகம். பிள்ளைகள் இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

கிணற்றடியில்

உறவுக்காரர் ஒருவரின் வயல் கிணற்றை ஒட்டி இரண்டு பனையும் ஓர் ஈச்சமரமும் நிற்கின்றன. வருஷா வருஷம் மழை தொடங்கி நெல் இலை நீண்டதும் அங்கே குருவிகள் வந்துவிடும். கூடு தண்ணீருக்கு மேல் தொங்கும்படி இடம் பார்ப்பது இவற்றின் வழக்கம். குறுந்தொகைப் பாட்டிலேயே தூக்கணாங்குருவிக் கூடு பனையில்தான் தொங்குகிறது, அதனால் என் புத்தகத்துக்கும் பனையையே வைத்துக்கொண்டேன். ஈச்சமரத்தின் ஓலை சின்ன வயதுக் கண்ணுக்குக் குழப்பமாகவும் இருக்கும்.

வரப்பில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு வேண்டியது தகவல் இல்லை. அது புத்தகங்களில் கிடைக்கும். கதைக்கு வினைச்சொற்கள் வேண்டும், அவை பார்த்தால்தான் கிடைக்கும். நோட்டில் வினையை மட்டும் எழுதினேன்: கிள்ளுகிறது, கவ்வுகிறது, பறக்கிறது, கிழிகிறது. நெல் இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைக்கிறது. அந்த ஓரத்தைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. பறக்கும் வேகத்திலேயே இலை நெடுக்காகக் கிழிந்து நாராக வந்துவிடுகிறது. இழுத்துக் கிழிப்பது தனி வேலையாக இல்லை, பறப்பதே கிழிப்பதாக இருக்கிறது. புத்தகத்தில் அது இப்படி வந்தது:

நெல் இலையின் ஓரத்தைக் கிள்ளியது.
கவ்விக்கொண்டு பறந்தது.
சர்ர்ர்!
நீளமாக ஒரு நார்.

வயல்காரரிடம் கேட்டேன்: “அண்ணே, கதிர் முத்துனா இதுங்க வந்து விழுமே, தொந்தரவு இல்லையா?”

“விழும்மா. தகரம் தட்டி விரட்டுவோம். கூட்டுல மட்டும் யாரும் கை வைக்கிறதில்ல. குஞ்சுக்குப் புழு பூச்சியத்தானே பொறுக்கிப் போடுது, அதுவும் வயல்லேர்ந்துதான்.”

இந்தப் பதிலை அப்படியே 20-21 ஆம் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சு பூச்சி தின்னும். வயல் இரண்டையும் தருகிறது.

கூட்டைப் பிரித்துப் பார்த்தது

படம் வரைய மாதிரி வேண்டும். தொங்கும் கூட்டைத் தொடக்கூடாது. 1972-ஆம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டைக் கணக்கில்தான் வருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்ய மனசு வராது. பருவம் முடிந்த பிறகு காற்றில் விழுந்து கிடந்த கூடு ஒன்று கிடைத்தது. உள்ளே முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. நல்ல வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டு வந்தேன்.

காய்ந்த நாரை அப்படியே இழுத்தால் ஒடியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பச்சை நாரின் வளைவு ஓரளவு திரும்ப வருகிறது. அதன் பிறகு சாமணத்தால் ஒவ்வொரு நாராகப் பிரித்தேன். உச்சியில் ஓலை நுனியைச் சுற்றியிருந்த பகுதிதான் மிகக் கெட்டி. நார் மேல் நார், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுற்றி, முனையை மடக்கிக் கீழ்ச் சுற்றுக்குள் செருகியிருந்தது. மொத்தக் கூடும், பெட்டையும், குஞ்சுகளும், மழைத் தண்ணீரின் எடையும் தொங்குவது அந்த இடத்தில்தான். முட்டை அறைப் பக்கம் வந்தால் நார் குறுக்கும் நெடுக்கும் உள்ளே போய் வெளியே வருகிறது, ஒவ்வொன்றும் முனையில் திரும்பி எதிர்த் திசையில் செருகப்பட்டிருக்கிறது. குழாய்ப் பகுதியில் பின்னல் தளர்வு. கீழ் விளிம்பில் நார்கள் முடியாமலே தொங்கின. ஒரு நார் சுமார் 20-லிருந்து 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்று படித்திருக்கிறேன். மேசையில் நீட்டி வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கின.

அறையின் உட்சுவரில் காய்ந்த மண் பொருக்கு ஒட்டியிருந்தது. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிரித்த பிறகு நானே பின்னிப் பார்த்தேன், ஊறவைத்த கரும்புச் சோகையில். வளையம் வரை கை போனது. அதன் பிறகு ஒரு கையால் வளையத்தை விரித்துப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் நாரை உள்ளே தள்ள வேண்டும், இன்னொரு கையால் அந்தப் பக்கம் வாங்க வேண்டும். குருவிக்கு அதன் உடம்பே வளையத்தை விரித்து வைக்கிறது. கால் பிடித்துக்கொள்கிறது, அலகு தள்ளிவிட்டு அந்தப் பக்கமும் எட்டி வாங்குகிறது. இதைக் கையால் உணர்ந்த பிறகுதான் 6-7 ஆம் பக்கப் படம் சரியாக வந்தது. அதில் குருவி வளையத்துக்கு வெளியே பறந்துகொண்டிருக்கவில்லை, உள்ளே கால் ஊன்றி உட்கார்ந்திருக்கிறது.

நிறத்துக்கும் இந்தப் பிரித்துப் பார்த்தல் உதவியது. கிழித்த நார் பச்சை, காயக் காய வைக்கோல் நிறம். எனவே கட்டிக்கொண்டிருக்கும் கூடு ஒரே நிறத்தில் இருக்க முடியாது. மேலே முதலில் பின்னியது பழுப்பு, கீழே புதிதாகச் சேர்ந்தது பச்சை. முழுக்கப் பழுப்பாக வரைந்தால் அது ஆள் இல்லாத பழங்கூடு. பத்தாம் பக்கத்திலிருந்து பதினேழாம் பக்கம் வரை இந்த இரண்டு நிறமும் எப்படி நகர்கிறது என்று ஒரு தனித்தாளில் பட்டை போட்டு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் வண்ணம் தீட்டினேன்.

டம்மி

மேல்நோக்கிப் புரட்டுவது ஏன் என்றால், இந்தக் கூடு நீளமாகத் தொங்குவது. சாதாரணப் புத்தகத்தை விரித்தால் அகலம்தான் கிடைக்கும், கூட்டைச் சின்னதாக்கி ஓரத்தில் ஒதுக்க வேண்டியிருக்கும். மேலே புரட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நெட்டுத்தாள் ஆகிறது. மேல் பக்கத்தில் ஓலை, கீழ்ப் பக்கத்தில் தண்ணீர், நடுவில் கூடு வளர்ந்துகொண்டே இறங்கி வரும்.

டம்மிக்கு ஆறு ஏ4 தாள் போதும். நெட்டுவாக்கில் வைத்துக் குறுக்கே பாதியாக மடித்தால் ஒரு தாளுக்கு நான்கு பக்கம், ஆறு தாளுக்கு 24. ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 25 வரும். வெளித்தாளின் வெளிமுகத்தில் மேலே 24, கீழே 1. அதன் உள்முகத்தில் மேலே 2, கீழே 23. இப்படியே உள்ளே போனால் நடுத்தாளில் மேலே 12, கீழே 13. வீட்டு பிரிண்டரில் இருபுறமும் அச்சிடும்போது குறுகிய ஓரத்தில் புரட்டும் தேர்வைப் போட வேண்டும். நீண்ட ஓரம் என்று விட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

இந்த எண் கணக்கில் கதைக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 12-13 மட்டும்தான் ஒரே தாளில் முழுசாக விரியும். மற்ற விரிப்புகளில் மேல் பாதி ஒரு தாள், கீழ்ப் பாதி வேறு தாள். மடிப்பில் கோடு ஒரு மயிரிழை விலகத்தான் செய்யும். ஆகவே பெட்டை பாதிக் கூட்டுக்குள் நுழைந்து நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் காட்சியை 12-13க்குக் கொண்டு வந்தேன். மடிப்புக்குக் குறுக்கே அத்தனை நாரும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கதையின் நடுப்புள்ளியும் அதுதான். மற்ற விரிப்புகளில் மடிப்பு வரும் இடத்தில் வானமோ, தூரத்து வயலோ, கூட்டின் நிழலோ இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மெல்லிய கோடு எதுவும் அங்கே கடக்காது.

14-15 தனிக் கதை. ஒரு கூட்டை முடிக்க ஆண் 500 தடவை வரை நார் கொண்டுவரப் போய் வரும். இதை வாக்கியமாக எழுதினால் பிள்ளைக்கு 500 என்பது பெரிய எண், அவ்வளவுதான். அதனால் விரிப்பு முழுக்க 500 பச்சைக் கோடுகள் போட்டேன், ஒவ்வொன்றும் கையால், நாரின் வளைவோடு. எண்ணி முடிக்கும் ஆசையில் ஒரு பையன் கதையையே நிறுத்திவிட்டான். அது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த விரிப்பில் எழுத்தே கிடையாது.

டம்மியைப் பின் அடிக்க நீண்ட கை ஸ்டேப்ளர் இல்லாவிட்டால் நூல் தையல் நன்றாக வரும். மடிப்பில் மூன்று துளை, நடுவிலும் இரண்டு பக்கமும். உள்ளே நடுத்துளையில் ஊசியை விட்டு வெளியே எடுத்து, ஒரு பக்கத் துளை வழியாக உள்ளே வந்து, நடுவைத் தாண்டி மறுபக்கத் துளையில் வெளியே போய், மறுபடி நடுவில் உள்ளே வந்து முதல் நூலோடு முடிச்சு. பிள்ளைகள் புரட்டிப் பிய்க்கும் பதத்துக்குத் தாங்குகிறது.

வாசகம்

ஒரு விரிப்புக்கு நான்கு வரிக்கு மேல் இல்லை. சத்தமாக வாசித்தால் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேதான் வரி உடைகிறது. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீண்டுவிடும், புதிதாக வாசிக்கும் பிள்ளை நடுவில் தொலைந்துபோகும். ஆகவே நீண்ட தொடர்ச்சொல் வந்தால் வாக்கியத்தையே மாற்றினேன். ‘அழகான’, ‘அற்புதமான’ என்ற சொற்களை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்தேன். அழகு படத்தில் இருக்கிறது, பிள்ளை பார்த்துக்கொள்ளும். குருவிக்குப் பேரும் வைக்கவில்லை. வாசிக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பேர் வைக்கிறார்கள், அது அவர்கள் உரிமை.

தெருப் பிள்ளைகளை மொட்டை மாடியில் உட்காரவைத்துக் கறுப்பு வெள்ளை டம்மியை வாசித்துக் காட்டினேன். பெட்டை முதல் கூட்டை விட்டுவிட்டுப் போகும் பக்கத்தில் ஒரே கூச்சல்.

“ஏன் அத்தை போயிடுச்சு? நல்லாத்தானே கட்டியிருக்கு!”

பக்கத்திலிருந்த சிறுமி பதில் சொன்னாள்: “ஓலை ரொம்பக் கீழே இருக்குல்ல. பூனை ஏறிடும்.”

பின்னல் எப்படி இருக்கிறது என்பதைவிடக் கூடு தொங்கும் இடத்தைத்தான் பெட்டை அதிகம் பார்க்கிறது என்பது ஆய்வாளர்கள் கண்டது. அந்தச் சிறுமிக்கு அதை யாரும் சொல்லவில்லை, படத்திலிருந்தே எடுத்துவிட்டாள். காரணத்தை அடுத்து வரும் வரியில் எழுதியிருந்தேன், அந்த வரியை நீக்கிவிட்டேன். முதல் கூட்டைத் தாழ்ந்த ஓலையிலும், இரண்டாவதைத் தண்ணீருக்கு நேர் மேலே உயரத்திலும் இன்னும் அழுத்தமாக வரைந்தேன்.

அப்புறம் மின்மினி. தூக்கணாங்குருவி களிமண்ணில் மின்மினியை ஒட்டிவைத்து வீட்டுக்கு விளக்கு ஏற்றும் என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருந்தது. அதை ஒதுக்கவும் எனக்கு விருப்பமில்லை, உண்மை என்று எழுதவும் முடியாது. கூட்டுக்குள் மண் ஒட்டியிருப்பது உண்மை, நானே கையில் எடுத்துப் பார்த்தேன். பலத்த காற்றில் கூடு அதிகம் ஆடாமலிருக்க அந்த எடை உதவலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 24 ஆம் பக்கத்தில், பெரியவர்களுக்கான குறிப்பில் அல்லாமல் பிள்ளைகளுக்கே இப்படி எழுதினேன்: “கூட்டுக்குள் மண் இருக்கும். அதில் மின்மினி ஒட்டியிருக்கும் என்று பாட்டி சொல்வார். நாங்கள் பிரித்த கூட்டில் மண் இருந்தது. மண் எதற்கு? காற்று அடிக்கும்போது கூட்டைப் பார்.”

“எங்க ஆயா நெஜமாவே பார்த்திருக்காங்க” என்று ஒரு பையன் விடாப்பிடியாகச் சொன்னான். சரி, ஆயாவிடம் எந்த மரம், எந்த மாசம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா என்று நோட்டைக் கொடுத்தனுப்பினேன். இயற்கைப் புத்தகம் பிள்ளையை அனுப்ப வேண்டிய இடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அச்சுக்கு

அளவு கிரவுன் 1/4. ஆனால் படுக்கை வாக்கில், ஒன்பதரை அங்குல அகலம், ஏழே கால் அங்குல உயரம். 20க்கு 30 அங்குலத் தாளில் ஒரு ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) 16 பக்கம் வரும், 24 பக்கத்துக்கு ஒன்றரை ஃபாரம். படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன், நான்கு ஓரத்திலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டேன். எழுத்து முழுக்கத் தனிக் கறுப்பு. நான்கு வண்ணமும் கலந்த கறுப்பில் தமிழ் எழுத்தை அடித்தால், வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவது கொஞ்சம் விலகினாலும் சுழிகள் மங்கிப் புள்ளி கரைந்துவிடும். எழுத்துரு முக்தா மலர், 20 புள்ளி. பிடிஎஃபில் எழுத்துருவைப் பொதித்தே கொடுத்தேன், இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி வர வாய்ப்பு உண்டு.

தாள், பளபளப்பு இல்லாத 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) மேப்லித்தோ. ஆர்ட் பேப்பரில் வண்ணம் தூக்கலாக இருக்கும், ஆனால் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும், பிள்ளைகள் பென்சிலால் எழுதவும் முடியாது. 500 கோடுகளில் குறி போட்டு எண்ண வேண்டாமா? மேப்லித்தோ மையை உறிஞ்சுவதால் மஞ்சள் தலை மட்டும் சோர்ந்து தெரிந்தது. அந்த இடத்தில் மஞ்சளை முழுக்க ஏற்றி, மெஜந்தாவைத் துளி சேர்த்து, கறுப்பை எடுத்துவிட்டதும் சரியானது. அட்டை 300 ஜிஎஸ்எம் போர்டு, மேட் லாமினேஷன்.

முதலில் டிஜிட்டலில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் போட்டு இரண்டு பள்ளி நூலகங்களுக்கும் கிணற்று வயல்காரர் வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன். ஆஃப்செட்டுக்குப் போகும்போது அச்சகத்தில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தாளின் நார் ஓட்டம் (தாளுக்குள் இழைகள் ஓடும் திசை) மடிப்புக்கு இணையாக, அதாவது ஒன்பதரை அங்குலப் பக்கத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மேலே புரட்டிய பக்கம் படியாமல் திரும்பி விழும், அட்டையின் மடிப்பும் வெடிக்கும். வழக்கமான புத்தகத்துக்குத் தாள் வெட்டும் பழக்கத்தில் இது மாறிவிடக்கூடும் என்பதால், ஆர்டர் தாளிலேயே அம்புக்குறி போட்டு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.